ஐந்து வாட்டும் அரை வாட்டும்: மலைப்பாதையில் இரண்டு வாக்கி-டாக்கிகள்

எங்கள் மலையேற்றக் குழுவில் கடைசி ஆளாக நடப்பவள் நான். வழிகாட்டி முன்னால் போவார். நடுவில் இருபது முப்பது பேர் அவரவர் கால் வேகத்தில் வருவார்கள். யாரும் பின்தங்கிப் பாதை மாறிவிடாமல் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவது என் பொறுப்பு. கைப்பேசிக் கோபுரம் எட்டாத சரிவுகளில் வழிகாட்டிக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு, கையில் பிடித்துப் பேசும் வாக்கி-டாக்கிதான். அதனால் அந்தக் கருவியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. சிலவற்றில் பிடிவாதமும் உண்டு.

இங்கே இரண்டு வகைக் கருவிகளை எடைபோடுகிறேன். முதலாவது, 5 வாட் சக்தியும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இரண்டு அலைத்தொகுதிகளும் கழற்றி மாட்டும் ஆன்டெனாவும் எண் பலகையும் கொண்டது. இரண்டாவது, அரை வாட் சக்தியும் கழற்ற முடியாத குட்டை ஆன்டெனாவும் நான்கைந்து பொத்தான்களும் மட்டுமே உள்ள, உரிமம் தேவைப்படாத வகை. இரண்டையும் ஒரே பாதைகளில், ஒரே ஆட்களின் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முத்திரைப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே உள்ளமைப்பு பல பெயர்களில் விற்கப்படுகிறது; வாங்குபவர் பெயரைக் காட்டிலும் வகையைப் பார்ப்பதே பயன்தரும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் தூரத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. தரையிலிருந்து ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானம், அதாவது அலை நேராகச் சென்று எட்டும் எல்லை, எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்து நிற்பவருக்கு அது சுமார் 5 கிலோமீட்டர். எதிர்முனையில் இருப்பவரும் அதே உயரத்தில் நின்றால், இருவருக்கும் இடையில் சுமார் 10 கிலோமீட்டர் வரை போகலாம். இது மரமோ மேடோ இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. ஆயிரம் மீட்டர் உயரச் சிகரத்தில் ஒருவர் நின்றால் அவருடைய தொடுவானம் 130 கிலோமீட்டருக்கு விரிகிறது. விளம்பரத்தில் வரும் மாபெரும் எண்கள் இத்தகைய இடங்களிலிருந்து பிறந்தவை. காட்டுக்குள், பாறை மடிப்புகளுக்கு இடையே, கட்டடங்களுக்கு நடுவே ஓரிரு கிலோமீட்டர் கிடைத்தால் அதுவே நல்ல பலன்.

ஐந்து வாட் என்பது அரை வாட்டைப் போலப் பத்து மடங்கு. தடையே இல்லாத வெளியில் பத்து மடங்கு சக்தி தூரத்தை மூன்று மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்டும். குறுக்கே ஒரு மலைமுகடு வந்துவிட்டால் இந்தக் கணக்கு பெரிதாக உதவாது. எங்கள் பாதைகளில் அரை வாட் கருவி வாயடைத்துப்போன வளைவுகளில் பெரும்பாலும் ஐந்து வாட் கருவியும் வாயடைத்தது. பத்தடி ஏறி மேட்டில் நின்று, கருவியை நிமிர்த்திப் பிடித்தபோது இரண்டுமே பேசின. இரு முனைகளிலும் ஆன்டெனா செங்குத்தாக இருப்பது முக்கியம். ஒருவர் நிமிர்த்தியும் மற்றவர் படுக்கவைத்தும் பிடித்தால் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே தூரத்தை முன்னிட்டு ஐந்து வாட் கருவிக்கு நான் கொடுக்கும் கூடுதல் மதிப்பெண் மிகச் சிறியது.

நான் அதிகம் கவனிப்பது வேறொன்று. வாக்கி-டாக்கியில் ஒரு சேனல் என்பது எல்லோருக்கும் பொதுவானது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். என் கைத்தவறுதல் இன்னொருவரின் வாயைக் கட்டிவிடும். எனவே பிறருடைய குறுக்கே நிற்பதை எவ்வளவு கடினமாக்குகிறது என்பதை வைத்தே ஒரு கருவியைத் தரம் பிரிக்கிறேன்.

இது எத்தனை கனமான விஷயம் என்பதற்கு விமானத் துறையில் ஒரு சான்று இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவிலுள்ள லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இரண்டு பேர் ஒரே கணத்தில் பேசியது. "காத்திருங்கள்" என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று ஒரு விமானம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. புறப்படத் தொடங்கியிருந்த விமானத்தின் விமானி அறையில் அந்தச் சொற்களுக்குப் பதிலாக ஒரு கீச்சொலிதான் கேட்டது.

விமானங்கள் வீச்சுப் பண்பேற்ற (AM) முறையில் பேசுகின்றன. இதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு சிக்னல்களும் கலந்து ஒலிக்கும். அதனால்தான் அந்தக் கீச்சொலியாவது கேட்டது. நம் கையிலிருக்கும் வாக்கி-டாக்கிகள் பெரும்பாலும் அதிர்வெண் பண்பேற்ற (FM) முறையில் இயங்குகின்றன. இதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மட்டும் தெளிவாகக் கேட்கும். பலவீனமானது தடயமே இல்லாமல் மறைந்துபோகும். பள்ளத்தாக்கின் அடியில் கால் பிசகி உட்கார்ந்திருப்பவருடைய சிக்னல் எப்போதுமே பலவீனமானதுதான். மேட்டில் நின்று பொழுதுபோக்குக்குப் பேசிக்கொண்டிருப்பவர் அவரை அழித்துவிடுகிறார். அழித்தது அவருக்குத் தெரிவதும் இல்லை. புதிதாக வருபவர்களிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் அதன்பிறகு அந்தப் பொத்தானைத் தொடும் விதமே மாறிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஐந்து வாட் கருவியின் பேசும் பொத்தான் எனக்கு ஏமாற்றம் அளிக்கிறது. பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு, மிக மென்மையாக அமுங்குகிறது. முதுகுப்பையின் வாரில் மாட்டினால் வாரே அதை அழுத்துகிறது. சாவிப்பூட்டு இருக்கிறது என்று கையேடு பெருமையாகச் சொல்கிறது; அந்தப் பூட்டு எண் பலகையை மட்டுமே பூட்டுகிறது, பேசும் பொத்தானை விட்டுவிடுகிறது. குழு உறுப்பினர் ஒருவருடைய கருவி இப்படித் தானாக அழுத்தப்பட்டு, மூச்சு வாங்கும் ஒலியும் காலடிச் சத்தமுமாக சேனலை நெடுநேரம் அடைத்துக்கொண்டிருந்தது. அவரை யாராலும் கூப்பிட்டுச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கும் கருவிக்குக் காது கிடையாது. ஓர் ஆள் பின்னோக்கி நடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. அரை வாட் கருவியில் பொத்தான் உடலோடு சமதளமாக, சற்று விறைப்பாக இருக்கிறது. கையுறை போட்டால் அழுத்துவது கொஞ்சம் சிரமம். அந்தச் சிரமத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இத்தகைய தவறை ஓரளவு தடுக்க ஒரு வசதி உண்டு: பேச்சு நேர வரம்பு. குறித்த நேரத்துக்கு மேல் பொத்தான் அமுங்கியே இருந்தால் கருவி தானாக ஒலிபரப்பை நிறுத்திவிடும். ஐந்து வாட் கருவி 180 வினாடியில் வைக்கப்பட்டு வந்தது. ஓர் அவசரத்தில் மூன்று நிமிடம் சேனல் அடைபடுவது மிக நீண்ட நேரம். நான் அதை 60 வினாடிக்குக் குறைத்துவிட்டேன். அறுபது வினாடிக்குள் சொல்ல முடியாத எதையும் மலைப்பாதையில் நாங்கள் சொல்வதில்லை.

அடுத்தது, பெட்டியின் மேல் "தனியுரிமைக் குறியீடு" என்று போட்டிருக்கும் வசதி. இது பலரை ஏமாற்றுகிறது. பேச்சோடு சேர்த்து, காதுக்குத் தெரியாதபடி ஒரு தாழ்ந்த தொனியைக் கருவி அனுப்புகிறது. பொதுவாக 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரையிலான தொனிகள் இதற்குப் பயன்படுகின்றன. அதே தொனியோடு வரும் பேச்சுக்கு மட்டும் நம் ஒலிபெருக்கி திறக்கும். அவ்வளவுதான். நம் பேச்சை மறைக்கும் எந்த வேலையையும் அது செய்வதில்லை. தொனியை அணைத்து வைத்திருக்கும் எவரும் நாம் பேசுவதை முழுவதும் கேட்கலாம். அதைவிடக் கவலைக்குரியது இதன் மறுபக்கம். அதே சேனலில் வேறொரு குழு பேசிக்கொண்டிருந்தால் நமக்குக் கேட்காது. சேனல் காலியாக இருக்கிறது என்று நம்பி அவர்கள்மேல் ஏறிப் பேசிவிடுவோம். ஆகவே தொனியைப் பயன்படுத்துபவர் பேசுமுன் கண்காணிப்புப் பொத்தானை ஒரு கணம் அழுத்தி, சேனலில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும். ஐந்து வாட் கருவியில் அந்தப் பொத்தான் பேசும் பொத்தானுக்கு நேர் கீழே, விரல் தானாகப் போகும் இடத்தில் இருக்கிறது. அதற்கு முழு மதிப்பெண். அரை வாட் கருவியில் மெனுவை நீளமாக அழுத்தித்தான் அந்த வேலையைச் செய்ய முடிகிறது. பாதிப் பேர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். எனவே எங்கள் குழுவில் தொனியையே அணைத்துவிட்டோம். அயல் குழுவின் பேச்சு அவ்வப்போது காதில் விழுவது தொல்லைதான். ஆனாலும் அவர்கள் இருப்பது நமக்குத் தெரிகிறது.

குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பத் தொடங்கும் வசதி இரண்டிலுமே உண்டு. மலைக்காற்றும் மூச்சிரைப்பும் அதற்குக் குரல்தான். அதை அணைத்தே வைத்திருங்கள்.

உரிமத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஐந்து வாட் கருவி பொம்மைபோலச் சுலபமாக வாங்கக் கிடைக்கலாம். ஆனால் அதன் எண் பலகையில் தட்டினால் காவல்துறை, தீயணைப்பு, கப்பல் போக்குவரத்து, தனியார் நிறுவனங்கள் என்று யார் யாருக்கோ ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் எல்லாம் அது பேசத் தயாராக இருக்கிறது. 156.8 மெகாஹெர்ட்ஸ் என்பது கடலில் ஆபத்துக் குரல் எழும் 16ஆம் சேனல். அந்த எண்ணும் இந்தக் கருவியின் எல்லைக்குள் அடங்குகிறது. கருவியால் முடியும் என்பதற்காகப் பயன்படுத்துபவருக்கு அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. நான் அமெச்சூர் வானொலித் தேர்வு, அதாவது ஆர்வத்துக்காக வானொலியில் பேசுபவர்களுக்கான தேர்வு, எழுதி உரிமம் பெற்றவள். அந்த உரிமத்துக்குரிய அலைவரிசைகளில், உரிமம் உள்ள இன்னொருவருடன் மட்டுமே இதில் பேசுகிறேன். அது இல்லாதவருக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரை வாட் வகையின் அழகே இதில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படுத்தும் வகைக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்கள், அரை வாட் வரம்பு, கழற்ற முடியாத ஆன்டெனா. வரம்பை மீற விரும்பினாலும் கருவி இடம் கொடுக்காது. ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவில் இதே நோக்கத்துக்கான 22 சேனல்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. அந்த அலைவரிசைகள் ஐரோப்பாவில் வேறு சேவைகளுக்கு உரியவை. ஒரு நாட்டில் சட்டப்படி வாங்கிய கருவி இன்னொரு நாட்டில் சட்டவிரோதமாகலாம். எல்லை தாண்டிப் போகிறவர்கள் கருவியின் அலைவரிசையையும் போகும் நாட்டின் விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும்.

இனி உடல்நலம். இந்த அலைகள் எக்ஸ்-கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் வகை அல்ல. திசுவைச் சற்றே சூடாக்கக்கூடியவை. அந்தச் சூட்டுக்கு வரம்பு வகுத்திருக்கிறார்கள். சர்வதேச வழிகாட்டுதலின்படி தலைப்பகுதியில் பொதுமக்களுக்குக் கிலோ திசுவுக்கு 2 வாட், பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு 10 வாட். 10 கிராம் திசுவில், ஆறு நிமிடச் சராசரியாக இது கணக்கிடப்படுகிறது. சராசரி என்பதால் நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்பதும் கணக்கில் வருகிறது. ஐந்து வாட் வகைக் கருவிகளின் கையேடுகளில் பொதுவாக இரண்டு நிபந்தனைகள் இருக்கும்: மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது, கருவியை முகத்திலிருந்து குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கைப்பேசியைப் போலக் காதோடு ஒட்டிப் பேசுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மைக் முன்பக்கத்தில் இருக்கிறது; கருவியை வாய்க்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடித்தால் குரலும் உடையாமல் தெளிவாகப் போகும். ஆன்டெனா கண்ணருகே வராமலும் தோலில் படாமலும் இருக்கட்டும். மேலுறை கிழிந்த ஆன்டெனா ஒலிபரப்பும்போது தோலைச் சுட்டுவிடும்.

எங்கள் குழுவில் இதயமுடுக்கி பொருத்தப்பட்ட ஒருவர் இருக்கிறார். நல்ல நடைக்காரர். அவருக்கு எப்போதும் அரை வாட் கருவிதான். அதையும் சட்டைப்பையில் வைக்காமல், முடுக்கிக்கு எதிர்ப்பக்க இடுப்பில் மாட்டிக்கொள்வார். குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சக்தி கூடிய கருவிகளுக்கு இன்னும் அதிக இடைவெளி தேவைப்படும். அவரவர் முடுக்கியின் கையேடும் மருத்துவரும் சொல்வதே இதில் முடிவு.

காதுக்குள் செருகும் இயர்போன் பயன்படுத்துபவர்கள், ஒலியளவைக் குறைத்துவிட்டு அதன்பிறகே காதில் செருக வேண்டும். ஐந்து வாட் கருவி இயக்கியதும் சேனல் எண்ணை உரத்த குரலில் அறிவிக்கிறது; இயர்போனில் அது ஊசி குத்துவதுபோல் பாய்கிறது. அந்த அறிவிப்பை மெனுவில் அணைக்கலாம். அணைத்துவிடுங்கள்.

கழற்றி மாட்டும் ஆன்டெனா வசதியா, தொல்லையா என்றால், எங்களைப் போன்ற கலவையான குழுவுக்குத் தொல்லை என்றே சொல்வேன். ஆன்டெனா இல்லாமலோ சரியாகத் திருகாமலோ பேசும் பொத்தானை அழுத்தினால், வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி வந்து இறுதிப் பெருக்கியைச் சிதைத்துவிடலாம். கருவியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கினாலோ தொங்கவிட்டாலோ திருகுப்பகுதி தளர்ந்து அதே ஆபத்து வருகிறது. தெரிந்தவர் கையில் நீண்ட ஆன்டெனா நிஜமாகவே உதவும். 145 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்பதால் அதன் கால்பங்கான அரை மீட்டர்க் கம்பி, கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவைவிட நன்றாகப் பேசும். ஆனால் புதர் மண்டிய பாதையில் அரை மீட்டர்க் கம்பி பின்னால் வருபவர் கண்ணுக்கு நேரே ஆடுகிறது.

பேட்டரி விஷயத்தில் இரண்டு கருவிகளும் வெவ்வேறு எச்சரிக்கை கேட்கின்றன. ஐந்து வாட் கருவியில் இருப்பது 7.4 வோல்ட், 1800 மில்லியாம்பியர்-மணி லித்தியம்-அயான் பேட்டரி. சுமார் 13 வாட்-மணி. விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்ல 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு என்பதால் பிரச்சினை இல்லை. உதிரிப் பேட்டரியைச் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இதன் மின்முனைகள் வெளியே தெரியும்படி இருக்கின்றன. உதிரிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் முனைகள் இணைந்து கொதிக்கும் அளவுக்குச் சூடாகலாம். நான் ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வைக்கிறேன். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்வதும், வீங்கிய பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று பயன்படுத்துவதும் தவிர்க்க வேண்டியவை.

அரை வாட் கருவி மூன்று சிறிய பேனா பேட்டரிகளில் ஓடுகிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதனுடன் ஒரு சார்ஜிங் தொட்டியும் வருகிறது. மறுபடி சார்ஜ் செய்யக்கூடாத சாதாரண பேட்டரிகள் உள்ளே இருக்கும்போது கருவியை அந்தத் தொட்டியில் வைத்தால் அவை கசியலாம், வெடிக்கவும் கூடும். உள்ளே இருப்பது எந்த வகை என்று தொட்டிக்குத் தெரியாது. இவ்வளவு அக்கறையாக வடிவமைத்த கருவியில் இது வருத்தமான குறை. பேட்டரி மூடியின் உட்புறம் எந்த வகை என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

எரிபொருள் ஆவி, எரிவாயு, மாவுத் தூசி போன்றவை சூழ்ந்த இடங்களில் இந்த இரண்டில் எதையும் இயக்கக் கூடாது. அத்தகைய இடங்களுக்கென்று தீப்பொறி எழாதபடி சான்றளிக்கப்பட்ட கருவிகள் தனியே உண்டு. பேட்டரியை அங்கே வைத்து மாற்றவும் கூடாது. மின்சார வெடியூக்கிகள் வைத்துப் பாறை உடைக்கும் இடங்களை நெருங்கும்போது, "வாக்கி-டாக்கிகளை அணைக்கவும்" என்ற பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒலிபரப்பும் ஆன்டெனாவின் சக்தி அந்த வெடியூக்கியின் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும் என்பதுதான் காரணம். அங்கே பேசாமல் இருந்தால் மட்டும் போதாது, கருவியை முழுவதும் அணைத்துவிட வேண்டும். கைதவறிப் பொத்தான் அமுங்குவதைப் பற்றித்தான் மேலே சொல்லியிருக்கிறேனே.

மழையைப் பொறுத்தவரை இரண்டும் சாரலைத் தாங்கின. ஓடையில் விழுந்தால் பிழைக்கும் என்று இரண்டைப் பற்றியும் சொல்ல மாட்டேன்.

கருவியைவிடப் பேசும் முறைதான் எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. நடை தொடங்குமுன் பத்து நிமிடம் அதற்கென ஒதுக்குகிறோம். முதலில் கேள், சேனல் காலியா என்று பார். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசு. பேட்டரி சேமிப்பில் உறங்கிக்கொண்டிருக்கும் எதிர்முனைக் கருவி விழிக்க அந்த நேரம் வேண்டும், இல்லையென்றால் முதல் சொல் போய்விடும். நீ கூப்பிடும் ஆளின் பெயர் முன்னே, உன் பெயர் பின்னே. எங்களுக்குள் ஆட்பெயர்கள் கிடையாது, பொறுப்பின் பெயர்தான்:

"முன்னடை, முன்னடை, இது கடைநடை. ஓவர்."

"கடைநடை, இது முன்னடை. சொல்லுங்கள், ஓவர்."

"இருவர் மெதுவாக வருகிறார்கள். பாலத்துக்கு முன் நில்லுங்கள். ஓவர்."

"பாலத்துக்கு முன் நிற்கிறோம். ஓவர்."

அந்தக் கடைசி வரியை விடக்கூடாது. அறிவுறுத்தலைத் திருப்பிச் சொல்லாவிட்டால் அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்வதில்லை. இரைச்சலில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டாலும் பொருள் தலைகீழாகாத சொல்லையே தேர்ந்தெடுக்கிறோம். "ஓடையைக் கடக்காதீர்கள்" என்பதைவிட "ஓடைக்கு முன் நில்லுங்கள்" பாதுகாப்பானது. பெயர், நோய் விவரம், யார் தனியாக வருகிறார் என்பது போன்றவற்றைக் காற்றில் விடுவதில்லை. யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. அதேபோல், அயலார் பேச்சு நம் காதில் விழுந்தால் அதை வெளியே சொல்வதும் முறையல்ல. பொதுமக்களுக்காக அல்லாத வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்பதையும் வெளியிடுவதையும் சர்வதேச வானொலி ஒழுங்குமுறைகளே தடுக்கின்றன.

சிறுவர்கள் குழுவில் வந்தால் அவர்களுக்கும் ஒரு கருவி கொடுப்பேன். விளையாட்டுக்கு "மேடே" என்று கூவக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. 1927 முதல் உலகம் முழுவதும் உயிராபத்துக்கு என்று ஏற்கப்பட்ட அழைப்பு அது. கேட்டவர் தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆச்சரியமாக, பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் இந்த விதியை மதிக்கிறார்கள். "ஓவர்" சொல்ல மறந்த பெரியவரைத் திருத்துவதும் அவர்களே.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். உரிமமற்ற சேனல்களை மீட்புப் படையினர் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணக் கூடாது. வாக்கி-டாக்கி குழுவுக்குள் பேச மட்டுமே. தொலைவான பாதைகளில், 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் தனிநபர் இருப்பிடக் கருவி ஒன்று என் பையில் இருக்கும். அதன் வேலையை ஐந்து வாட் கருவியிடம் எதிர்பார்ப்பது ஆபத்தான நம்பிக்கை.

ஆக, யார் எதை வாங்குவது? குடும்பத்தோடு நடப்பவர்கள், மலையேற்றக் குழுக்கள், விழாத் தன்னார்வலர்கள், கூட்டம் கூடும் இடங்களில் பிள்ளைகளோடு தொடர்பில் இருக்க விரும்புபவர்கள் எல்லோருக்கும் அரை வாட் கருவியே போதும். ஐந்தில் நான்கரை கொடுக்கிறேன். சார்ஜிங் தொட்டிக்காகவும் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் கண்காணிப்புப் பொத்தானுக்காகவும் அரையைக் குறைத்தேன். ஐந்து வாட் கருவிக்கு, தேர்வு எழுதி உரிமம் பெற்றவர் கையில் நான்கு. மற்றவர் கையில் மதிப்பெண் கொடுக்க விரும்பவில்லை. அதன் ஒலித்தரமும் பேட்டரி ஆயுளும் பாராட்டத்தக்கவை. அதைத் தயாரிப்பவர்கள் பேசும் பொத்தானைப் புடைக்காமல் உடலோடு சமதளமாக்கி, பூட்டில் அதையும் சேர்த்து, நேர வரம்பை 60 வினாடியில் வைத்து அனுப்பினால் அந்த நான்கு ஐந்தாகும்.

ஐந்து வாட் கருவியை ஏற்கெனவே வாங்கி, உரிமமும் வைத்திருப்பவர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததும் மெனுவில் இவற்றை மாற்றிவிடலாம்: நேர வரம்பு 60, குரல்வழி ஒலிபரப்பு அணை, குரல் அறிவிப்பு அணை, பேசி முடித்ததும் வரும் பீப் ஒலி அணை, சக்தி குறைந்த அளவில். எதிர்முனை கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு மட்டும் சக்தியைக் கூட்டுங்கள். அதற்கும் முன்னால், பத்தடி ஏறி மேட்டில் நின்று பாருங்கள்.